கடையில் 53, தாளில் 147: ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பற்றிய நிகழ்வு ஆய்வு

தாயின் சம்மதத்தோடு எழுதப்படுவது இது. ஆளையும் பள்ளியையும் அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியராக இந்தச் சிறுமியோடு 2024 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை எனக்குத் தொடர்பு இருந்தது.

பின்னணி

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெரு ஒன்றில் தாய் இட்லிக்கடை போடுகிறார். தள்ளுவண்டிதான் கடை. விடிகாலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றினால் ஒன்பதரைக்குள் மாவு தீர்ந்துவிடும். சாப்பிட வருபவர்களில் பாதிப்பேர் ஆட்டோ ஓட்டுநர்கள். மீதிப்பேர் தேனி, திண்டுக்கல் பஸ் பிடிக்க வருபவர்கள். தந்தை வெளியூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. இவள் இளையவள், 2015 ஜனவரியில் பிறந்தவள். பிரசவத்தில் சிக்கல் இல்லை. நடந்தது, பேசியது எல்லாம் உரிய வயதில்தான் என்றார் தாய்.

அவள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய ஆண்டு 2020. பெயர் பதிவானது, பள்ளி திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்த நாள் 2021 நவம்பர் 1. ஒன்றாம் வகுப்பு முழுவதும், இரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ ஐந்து மாதமும் அவளுக்கு வகுப்பறை இல்லாமலே போயின. வீட்டில் இருந்த ஒரே ஃபோன் தந்தையோடு வெளியூரில் இருந்தது. 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டி, ‘இது ஒரு பத்து’ என்று சொல்லித் தருவது ஒன்றாம் வகுப்பில்தான். அந்தக் கட்டு கைக்குள் வராத பிள்ளைக்கு அடுத்த நான்கு வருடக் கணக்கும் வெறும் சடங்காகவே இருக்கும். மேல் வகுப்பில் யாரும் குச்சியை மறுபடி எடுப்பதில்லை.

எங்களிடம் அனுப்பப்பட்டது

2024 ஜூலையில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பு சுருக்கமானது: எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், கழித்தல் அறவே வரவில்லை, கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை, அறிவுத்திறன் குறைபாடு இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் கரிசனம் உள்ளவர்தான். அடுத்த ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அதற்குள் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கையில் இருந்தால் அங்கே சலுகையும் தனிக் கவனமும் கிடைக்கும் என்பது அவர் எண்ணம்.

தாய் இதை எதிர்க்கவில்லை. “வேலையெல்லாம் நல்லாத்தான் செய்வா டீச்சர். படிப்புதான் மண்டையில ஏற மாட்டேங்குது. வகுப்புல மத்த பிள்ளைக கிண்டல் பண்ணுதுகளாம்” என்றார். சான்றிதழ் வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை வரும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். வறுமையில் இருப்பவர் அப்படி நினைப்பதில் தவறு காண முடியாது. ஆனால் அந்த எண்ணம் வீட்டில் இருக்கிறது என்பது மதிப்பீடு செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டன. இரண்டும் சரி.

முதல் சோதனை

செப்டம்பரில் உளவியலாளர் ஒருவர் பினே-காமத் சோதனை வைத்தார். பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியடோர் சிமோனும் 1905-இல் உருவாக்கிய அளவுகோலை, வி. வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றபடி தழுவியதே இந்தச் சோதனை. தமிழ்க் குழந்தைகளுக்கு மொழிபெயர்த்துக் கேட்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் உரிய கேள்விகள் உண்டு. எதுவரை பதில் வருகிறதோ அதை மனவயது என்று கணக்கிட்டு, உண்மை வயதால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். அவளுக்கு மனவயது 6 வருடம் 8 மாதம், அதாவது 80 மாதம். உண்மை வயது 9 வருடம் 8 மாதம், 116 மாதம். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 69.

வழக்கமான எல்லைக்கோடு 70. ‘லேசான அறிவுத்திறன் குறைபாடு’ என்று அறிக்கை வந்தது. சான்றிதழுக்குப் பரிந்துரையும் இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு விஷயம். எந்த நுண்ணறிவுச் சோதனையிலும் ஐந்து புள்ளி மேலோ கீழோ பிசகலாம் என்பது துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஆகவே 69 என்பதை 64-க்கும் 74-க்கும் இடையில் எங்கோ என்றுதான் படிக்க வேண்டும். இரண்டாவது, எண் மட்டும் போதாது. தன் வயதுக்குரிய அன்றாடக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் திறனிலும் குறை இருந்தால்தான் அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் விளக்கமும் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. நடைமுறையில் முதல் எண் வந்ததுமே கோப்பு நகர்ந்துவிடுகிறது.

உளவியலாளரிடம் அனுமதி கேட்டு விடைத்தாளைப் பார்த்தேன். (கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை, எழுதினால் சோதனை பயனற்றுப் போகும்.) எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் வயதுக்கு ஏற்ற இடத்தில் இருந்தாள். சறுக்கியது சொல்லுக்குப் பொருள் சொல்வதிலும், இரண்டு பொருளுக்குள் ஒற்றுமை சொல்வதிலும். அங்கேயும் தவறான பதில் மிகக் குறைவு. பெரும்பாலான கட்டங்களில் ‘தெரியாது’ என்றே இருந்தது. அன்று நாலரை மணிக்கு எழுந்து, கடையில் நின்றுவிட்டு, பதினொரு மணிக்குப் புது இடத்தில் புது ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உளவியலாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய அறை வாசலில் எப்போதும் வரிசை நிற்கும்.

அடுத்து வைன்லண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்தியத் தழுவலைத் தாயிடம் கேட்டுப் பூர்த்தி செய்தோம். குழந்தையிடம் கேட்காமல், கூட இருப்பவரிடம் கேட்டு நிரப்புகிற அளவுகோல் அது. உளுந்தும் அரிசியும் தானே போய் வாங்கி வருகிறாள். டவுன் பஸ்ஸில் தனியாக ஏறிச் செல்லூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் வருகிறாள். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை நேரம் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். சமூக ஈவு 103 வந்தது (100 என்றால் வயதுக்கு ஏற்ற நிலை). அதுவரை யாரும் கேட்காததால் தாயும் இதையெல்லாம் சொல்லியிருக்கவில்லை.

ஒரு பக்கம் 69, இன்னொரு பக்கம் 103. தாய் கூட்டிச் சொல்லியிருக்கலாம், பெற்றோர் அப்படிச் சொல்வது உண்டு. ஆகவே நேரில் பார்க்க முடிவு செய்தேன்.

கடையில் கண்டது

அக்டோபரில் சில காலைகள் தாயிடம் சொல்லிவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். சிறுமிக்கு முதல் நாள் கொஞ்சம் வெட்கம். பிறகு என்னை மறந்துவிட்டாள்.

அந்தக் கடையில் கையோடு காசு கொடுப்பவர்களின் கணக்கு எதுவும் எழுதப்படுவதில்லை. சாப்பிட்டு எழுந்தவர் சொல்வார்: “நாலு இட்லி, ரெண்டு வடை, ஒரு கல்தோசை.” இட்லி 5, வடை 6, கல்தோசை 15. தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே “நாப்பத்தேழுண்ணே” என்பாள். நூறு ரூபாய்த் தாள் கொடுத்தால் முதலில் மூன்று ஒற்றை ரூபாய்க் காசு வரும், “அம்பது.” அடுத்து ஒரு ஐம்பது ரூபாய்த் தாள், “நூறு.” எங்கேயும் கழிக்கவில்லை. 47-இல் இருந்து மேலே ஏறி 100-ஐத் தொடுகிறாள். ஏறிய தூரமான 53 வந்தவர் கையில் இருக்கிறது.

சில்லறை குறைந்த ஒரு நாளில் இன்னும் நுட்பமாக ஒன்று செய்தாள். அதே 47 ரூபாய்க்கு நூறு நீட்டியவரிடம், “ஏழு ரூபா சில்லறை இருக்காண்ணே? இருந்தா அறுபது தந்துருவேன்” என்றாள். இதை நான் வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்துத்தான் முழுதாக ரசித்தேன்.

ஏழு வடை பார்சல் கேட்டபோது அவள் உதடு அசைந்தது: “அஞ்சு வடை முப்பது, ரெண்டு பன்னெண்டு, நாப்பத்திரெண்டு.” 7-ஐ ஐந்தாகவும் இரண்டாகவும் உடைத்துத் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுகிறாள். பாடப்புத்தகம் இதைப் பங்கீட்டுப் பண்பு என்கிறது. வகுப்பில் ஆறாம் வாய்ப்பாடு கேட்டால் ‘மூணாறு பதினெட்டு’ தாண்டாதவள் இவள்.

எல்லை இல்லாமலும் இல்லை. 500 ரூபாய்த் தாள் வந்தால் வாங்காமல் “அம்மாட்ட குடுங்க” என்று தள்ளிவிடுவாள். கூட்டம் நெருக்கும்போது யார் எத்தனை வடை எடுத்தார் என்பதில் தடுமாற்றம் இருந்தது. ஆனால் கணக்குப் போட்ட இடத்தில் பிழை எதையும் நான் பார்க்கவில்லை.

இது உலகத்தில் இவளுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி டெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் எழுதினார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைக் கதைக் கணக்காகக் கொடுத்தபோது அது 74 விழுக்காடாகவும், வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடாகவும் இறங்கியது.

தாளில் கண்டது

பள்ளியில் ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவளுக்குப் பன்னிரண்டு கழித்தல் கணக்குகள் கொடுத்தேன். கடன் வாங்கத் தேவையில்லாத ஐந்தும் சரி. கடன் வாங்க வேண்டிய ஏழும் தவறு. 72-இல் இருந்து 38 போக 46. 100-இல் இருந்து 47 போக 147. 200-இல் இருந்து 135 போக 135.

ஏழு தவறும் ஒரே தவறு. ஒவ்வொரு நிரலிலும் மேலே எது, கீழே எது என்று பார்க்காமல் பெரிய இலக்கத்தில் இருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். 0-க்கும் 7-க்கும் 7, 0-க்கும் 4-க்கும் 4, மிஞ்சிய 1 கீழே இறங்கி 147. ஒரு தடவைகூட விதியை மீறவில்லை. கவனக்குறைவாலோ அறியாமையாலோ இப்படி ஒரு சீர் வராது. விதி இருக்கிறது, அது தவறான விதி, அவ்வளவுதான். பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடமும் காணப்பட்டிருக்கிற பிழைதான் இது.

எண்களைச் சொல்லி எழுதச் சொன்னேன். இரண்டு இலக்கம் வரை சரி. நூற்று ஐந்து 1005 ஆனது. நூற்று முப்பத்தைந்து 10035. முந்நூற்று நாற்பது 30040. காதில் விழுந்த வரிசையிலேயே நூறை எழுதி, அதன் பக்கத்தில் ஐந்தையோ முப்பத்தைந்தையோ ஒட்டிவிடுகிறாள். அச்சில் இருந்த 135-ஐப் படிக்கச் சொன்னால் “ஒண்ணு, மூணு, அஞ்சு.” எழுதப்பட்ட எண்ணில் ஒவ்வொரு இலக்கமும் அவளுக்குத் தனி ஆள்.

பிறகு பேசினோம்.

“பாப்பா, நூறுல நாப்பத்தேழு போனா நூத்து நாப்பத்தேழா?”

“ஆமா டீச்சர்.”

“கடையில ஒருத்தர் நாப்பத்தேழு ரூபாய்க்குச் சாப்பிட்டுட்டு நூறு ரூபா குடுத்தா எவ்வளவு மிச்சம் குடுப்ப?”

“அம்பத்தி மூணு.”

“இங்க வேற மாதிரி வந்திருக்கே?”

தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அது காசு டீச்சர். இது கணக்கு. கணக்குல பெருசுல இருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

யாரோ எப்போதோ வகுப்பில் நல்ல எண்ணத்தோடு சொன்ன வாக்கியம் அது. இரண்டாம் வகுப்பு அளவில் பொய்யும் இல்லை. அவள் அதை அப்படியே நம்பி, பொருந்தாத இடத்திலும் பொருத்தியிருக்கிறாள்.

1920 வாக்கில் இளைஞர் ழான் பியாஜே பாரிஸில் சிமோனிடம் வேலை பார்த்தார். ஆங்கில உளவியலாளர் சிரில் பர்ட்டின் பகுத்தறிவுக் கேள்விகளைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏற்ப அளவிடுவது அவருக்குத் தரப்பட்ட வேலை. சரியான பதில்களை எண்ணி முடிக்க வேண்டியவர், குறிப்பிட்ட வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே மாதிரித் தவறு செய்கிறார்கள் என்று கேட்கப் போய்விட்டார். குழந்தைகளின் சிந்தனை பற்றிய அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி அங்கிருந்து கிளம்பியது. நுண்ணறிவுச் சோதனை பிறந்த அதே நகரத்தில் இன்னொரு கேள்வியும் பிறந்திருக்கிறது. நம் கோப்புகளில் முதலாவதற்குத்தான் கட்டம் இருக்கிறது.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன.

அறிவுத்திறன் குறைபாட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது ஒன்று. அன்றாடத் திறன் 103-இல் இருக்கும்போது அது பொருந்தாது. சந்தேகத்துக்கு ரேவனின் வண்ண வரிசைச் சோதனையும் வைத்தோம். வார்த்தை வேண்டாத, விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கிற 36 படங்கள். இந்த முறை அவள் முந்திய நாள் சீக்கிரம் தூங்கி, அன்று கடைக்குப் போகாமல் வந்தாள். வயதுக்குரிய சராசரிக்குச் சற்றுக் கீழே நின்றாள்.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம்) என்று பார்ப்பது இரண்டாவது. எட்டு வயதுக்கு மேல் அதற்கும் மதிப்பீடும் சான்றிதழும் உண்டு. வகுப்பாசிரியருக்கு இந்த வழியில் பிடிப்பு இருந்தது. ஆனால் முறையாகச் சொல்லிக் கொடுத்தும், குறைந்தது ஆறு மாதம் தனிக் கவனம் கொடுத்தும் நீடிக்கிற சிரமத்துக்குத்தான் அந்தப் பெயர். சொல்லிக் கொடுக்காத ஒன்று வரவில்லை என்பதற்கு இல்லை. அவளுக்கு ஒன்றாம் வகுப்பே கிடையாது.

எந்தப் பெயரும் வைக்காமல் ஆறு மாதம் கற்பித்துப் பார்ப்பது மூன்றாவது வழி. அதையே தேர்ந்தோம். உதவி கொடுத்தால் எவ்வளவு தூரம் போகிறாள் என்பதே எனக்கு முக்கியமான தகவலாகப் பட்டது. மனவயது எட்டு என்று வந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி எழுதியிருக்கிறார்: சிறிது உதவி கிடைத்ததும் ஒரு பிள்ளை ஒன்பது வயதுக்குரியதைச் செய்கிறது, மற்றது பன்னிரண்டு வயதுக்குரியதை. இருவரும் சமம் என்று சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி.

வகுப்பாசிரியர் முழு மனதோடு ஒப்பவில்லை. “ஆறு மாசம் கழிச்சு ஒண்ணும் வரலேன்னா பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிரும்” என்றார். நியாயமான கவலை. ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்து பேசுவது, அப்போதும் தேவைப்பட்டால் கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்று தலைமையாசிரியர் முன்னிலையில் எழுதிக்கொண்டோம். உதவித்தொகைக்கு இடமில்லை என்பதையும் தாயிடம் அன்றே சொல்லிவிட்டோம்.

கடை வேலை பற்றியும் பேச வேண்டியிருந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் நாலரை மணிக்கு எழுகிற பிள்ளை பத்து மணி வகுப்பில் தூங்கி விழாமல் இருக்காது. ஆறு மணிக்கு மேல் எழுப்புவது, எட்டு மணிக்கு விட்டுவிடுவது என்று தாய் ஒப்புக்கொண்டார். முகூர்த்த நாளிலும் சித்திரைத் திருவிழாச் சமயத்திலும் அது நடக்கவில்லை.

கற்பித்தல் நடந்த விதம்

முதலில் எடுத்த வழி, கணக்கையெல்லாம் இட்லியாக மாற்றுவது. ‘ஒருவர் 85 ரூபாய்க்குச் சாப்பிட்டார், 200 கொடுத்தார்...’ இதில் பலன் இல்லை. கதையைக் கேட்டதும் மனத்துக்குள் போட்டு “நூத்திப் பதினஞ்சு” என்றுவிடுவாள். எழுதச் சொன்னால் 10015. ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி செய்தாள். எழுத்து தொடப்படவே இல்லை. கடைச் சாயம் பூசினால் கணக்கு எளிதாகிவிடும் என்று பயிற்சிகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளை விஷயத்தில் அது உதவவில்லை. 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. சந்தைக் கணக்கில் தேறியவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தலைகீழ். ஒன்று மற்றொன்றுக்குத் தானாகப் பாய்வதில்லை.

நவம்பரில் வழியை மாற்றினோம். விளையாட்டு நோட்டுகளில் 100, 10, 1 மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று கட்டம் போட்ட அட்டையில் வைக்கச் சொன்னேன். ஒரு கட்டத்தில் ஒன்பதுக்கு மேல் நிற்கக்கூடாது, பத்தானால் மாற்றிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போக வேண்டும். 100-இல் இருந்து 47 எடுக்க வேண்டுமானால் நூறை மாற்றியே ஆக வேண்டும்.

இங்கே எதிர்பாராத முட்டல் ஒன்று வந்தது. நூறை மாற்ற, 10 ரூபாய்த் தாள் பத்தை அவள் எடுக்கவில்லை.

“ரெண்டு அம்பதுதானே டீச்சர் மாத்துவாக?”

“இங்க பத்து மட்டுந்தான் இருக்கு பாப்பா.”

“அட்டையில அம்பதுக்கு இடம் இல்லையா?”

இந்தக் கேள்வியை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கடையில் ஐந்து, இருபது, ஐம்பது, இருநூறு எல்லாம் புழங்குகின்றன. அவளுடைய மனக்கணக்கு அவற்றின் மேல் கட்டியது. ஐந்து வடை முப்பது என்று அவள் உடைத்ததும் அதனால்தான். எழுத்து எண்ணிலோ ஒன்று, பத்து, நூறு தவிர வேறு வீடு கிடையாது. அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. மனவயது 6 வருடம் 8 மாதம் என்று எழுதப்பட்ட பிள்ளை கவனித்துக் கேட்டாள். அன்றைக்குக் கட்டம் போட்ட அட்டையை ஓரம் வைத்துவிட்டு, ஐம்பதுக்கும் ஐந்துக்கும் தனிக் கட்டம் வைத்தால் எண் எழுதுவது எப்படி இருக்கும் என்று இருவரும் எழுதிப் பார்த்தோம். கட்டங்கள் கூடக்கூட அவளே “வேணாம் டீச்சர், குழப்பமா இருக்கு” என்றாள்.

டிசம்பரில் அட்டையோடு மூன்றில் இரண்டு பங்கு கணக்குகள் சரியாக வந்தன. அட்டையை எடுத்தால் பழைய விதி திரும்பிவிடும்.

முடிச்சு அவிழ்ந்தது நான் திட்டமிட்டதால் இல்லை. பொங்கல் முடிந்து அண்ணனுக்குக் காலையில் சிறப்பு வகுப்பு தொடங்கியது. ஆட்டோக்காரர்களின் வாரக் கணக்கை அதுவரை அவன்தான் கடன் நோட்டில் எழுதிவந்தான். தாய்க்கு எழுதத் தெரியாது. வேலை இவளிடம் வந்தது. முதல் வாரக் கடைசியில் வாடிக்கையாளர் ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன தாயி, நூத்தஞ்சு ரூபாய்க்குத் தின்னுட்டு ஆயிரத்தஞ்சு குடுக்கணுமா?” என்று சிரித்திருக்கிறார். மறுநாள் பள்ளியில் அவளாகவே என்னிடம் வந்து, நூத்தஞ்சை எப்படி எழுதுவது என்று கேட்டாள். அதுவரை எதையும் கேட்டு வந்ததில்லை.

அட்டையில் இருந்த அதே மூன்று கட்டத்தைக் கடன் நோட்டில் கோடாகப் போட்டுக் கொடுத்தேன். நூற்று ஐந்துக்கு நடுக்கட்டம் காலியாக நின்றது. “அங்க ஒண்ணும் இல்லேன்னு எப்படித் தெரியும்?” என்றதும் பூஜ்ஜியம் போட்டாள். இதுவரை ‘ஒன்றுமில்லை’ என்று இருந்த பூஜ்ஜியத்துக்கு இப்போது இடம் பிடித்து வைக்கிற வேலை கிடைத்தது. பிப்ரவரி கடைசியில் கோடு போடாமலே எழுதினாள். எழுதியதை வேறு ஆள் படிக்கிறார், தவறினால் கேள்வி வருகிறது, பணம் மாறுகிறது என்ற நிலை வந்த பிறகுதான் எழுத்து எண் அவளுக்குக் காசாயிற்று. என்னுடைய பயிற்சித் தாள்கள் அதுவரை அந்த வேலையைச் செய்யவில்லை.

கழித்தலில் இன்னொரு மாற்றமும் செய்தோம். விடையை எழுதியதும், கடையில் செய்வதுபோல் கீழிருந்து மேலே ஏறிச் சரிபார்க்க வேண்டும். 147 என்று எழுதினால் ‘நாப்பத்தேழும் நூத்து நாப்பத்தேழும் சேந்து நூறாகுமா?’ என்று தன்னையே கேட்க வேண்டும். கடையும் தாளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பின்னர் நடந்தவை

2025 ஏப்ரலில் முன்பு கொடுத்த மாதிரியான பன்னிரண்டு கணக்குகளை மறுபடி கொடுத்தோம். பத்து சரி. தவறிய இரண்டும் 403-இல் இருந்து 158 போல நடுவில் பூஜ்ஜியம் உள்ளவை. வாய்ப்பாடு இன்னும் தகராறு. ஐந்தையும் பத்தையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை உடைத்துப் போடுகிறாள், நேரம் ஆகிறது. கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்று வகுப்பாசிரியரே சொன்னார்.

வாசிப்பு இந்த அளவுக்கு நகரவில்லை. எழுத்துக் கூட்டுவது குறைந்திருக்கிறது. சிறு பத்தியைப் படித்துப் பொருள் சொல்கிறாள். ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம் கைக்கு எட்டவில்லை. கணக்குக்கு வாய்த்த கடன் நோட்டு மாதிரி வாசிப்புக்கு ஒன்று அமையவில்லை. வாசிப்பில் சிக்கல் வேறு வகையானதாகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்.

புதிய பள்ளி கேட்டுக்கொண்டதால் செப்டம்பரில் வேறொரு உளவியலாளர் பினே-காமத் சோதனையை மறுபடி வைத்தார். 128 மாத வயதுக்கு மனவயது 100 மாதம், ஈவு 78. இதை வெற்றியாகக் காட்ட விரும்பவில்லை. ஒன்பது புள்ளியில் ஒரு பகுதி அளவுப் பிசகாக இருக்கலாம். ஒரு முறை பார்த்த சோதனை என்ற பழக்கம் கொஞ்சம், தூங்கி எழுந்து வந்தது கொஞ்சம். பள்ளிப்படிப்புக்கும் பங்கு இருக்கலாம்: ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து ஸ்டூவர்ட் ரிச்சியும் எலியட் டக்கர்-டிராபும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வருடக் கூடுதல் படிப்பு ஈவை ஒன்று முதல் ஐந்து புள்ளிவரை உயர்த்துகிறது என்று கண்டது. அப்படியானால் ஒன்றரை வருடம் வகுப்பறை இல்லாமல் போன பிள்ளைக்கு முதல் எண் எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எல்லோருடைய கோப்பிலும் இந்தக் கேள்வி கிடக்கிறது.

வகுப்பில் வாய் திறப்பது பற்றி: கணக்கு வகுப்பில் கை தூக்குகிறாளாம். மற்ற பாடங்களில் பழையபடிதான்.

நடைமுறையில் மாற்றியவை

எங்கள் வட்டாரத்தில் இப்போது மதிப்பீட்டுக்கு அனுப்பும் படிவத்தோடு பிள்ளையின் சொந்த விடைத்தாள் ஒன்று, திருத்தாமல், இணைக்கப்படுகிறது. மதிப்பெண் வேண்டாம், தவறுகள் வேண்டும். 2020-21-இல் எந்த வகுப்பு என்பதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

சமூக முதிர்ச்சி அளவுகோலை நுண்ணறிவுச் சோதனைக்கு முன்பே வைக்கிறோம். இரண்டாவதாக வைத்தால், வந்துவிட்ட எண்ணுக்கு ஏற்றபடி அதை நிரப்புகிற சபலம் யாருக்கும் வரும். சோதனை நாளில் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது, சாப்பிட்டதா என்று கேட்டு எழுதுகிறோம். வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தால் வேறு நாள் கேட்கிறோம். உளவியலாளர்கள் இதுவரை மறுக்கவில்லை.

வீட்டுக்கோ பிள்ளை உதவும் இடத்துக்கோ போய்ப் பார்ப்பது எல்லா நேரமும் முடியாது. ஒரு சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள். ஈவு 65-க்கும் 75-க்கும் இடையில் வந்த பிள்ளைகளுக்கு மட்டுமாவது போவது என்று வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு அப்படிப் போய்ப் பார்த்தவற்றில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் அறிக்கையே சரி என்றுதான் தெரிந்தது. அவர்களுக்குச் சான்றிதழ் உடனே வாங்கிக் கொடுத்தோம்.